நாற்பது பங்குகளும் ஒரு பலகையும்

1

போன வாரம் வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த நாட்டில் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். பெருமதிப்பிற்குரிய திருமதி பத்மாவதி அவர்களுக்கு என்று தொடங்கி, உங்கள் கணக்கிலுள்ள நாற்பது பங்குகளுக்கும் இனி எந்த மதிப்பும் கிடையாது, ஆகவே அவற்றை நீக்குகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நீக்குவதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்று கடைசி வரியில் இருந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது.

சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் கணவர் தரணி கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு? யாரு லெட்டரு?"

"நம்ம ஷேர் செத்துடுச்சாம். அடக்கம் பண்றதுக்குக் காசு வாணாம்னு சொல்றாங்க."

அவரும் வாங்கிப் படித்தார். "அப்போ இந்த கிச்சன் இப்படியேதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு பீன்ஸுக்கே திரும்பினார். பங்குகளை நம்பி ஒரு காலத்தில் அவர் சமையலறையை நாடா வைத்து அளந்து, அலமாரிக் கதவுகளுக்கு நிறம்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்.

பதினோரு வயது மகள் நிலா மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பணம் போனால் அழத்தானே வேண்டும், நீங்கள் இருவரும் ஏன் சிரிக்கிறீர்கள் என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் கேள்விகள் எல்லாமே ஜெர்மனில்தான் வரும். நான் தமிழில் பதில் சொல்வேன். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஒரு ரயில் இரண்டு தண்டவாளத்தில் ஓடுகிறது. அன்றைக்கு அவளுக்குச் சொன்ன பதில் நீண்டு, இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்கு வளர்ந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

2

நான் டோர்ட்முண்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் திருவண்ணாமலை. வட ஆற்காட்டைப் பிரித்து எங்களுக்கென்று மாவட்டம் வந்தபோது, அப்பாவுக்குப் புது கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பிரித்து வந்த கோப்புகளில் எது வேலூருக்கு, எது திருவண்ணாமலைக்கு என்று பார்த்து அடுக்குவதிலேயே அவருக்கு இரண்டு வருடம் ஓடியது. பிற்பாடு வேங்கிக்காலில் வீடு கட்டினோம். எனக்கு முதன்முதலில் கம்ப்யூட்டரைக் காட்டியதும் அப்பாதான். அந்த அலுவலகத்தில் ஒரு கண்ணாடி அறைக்குள், செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்க்கவேண்டிய நிலையில் அது இருந்தது.

நாங்கள் நயினார் வீடு, சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவது அம்மாவின் வழக்கம். நான் ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், "இருட்றதுக்குள்ள சாப்டியாடி?" என்று அம்மா போனில் கேட்டாள். இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும், அந்த நேரத்தில் நான் வேலையில் இருப்பேன் என்றேன். கோடையில் பத்து மணிவரை வெளிச்சம் இருக்கிறது என்று சொன்னபோது, "அப்ப சரி, கோடையில சேத்து சாப்டுக்கோ" என்றாள். அம்மாவின் தர்மத்தில் எப்போதும் கொஞ்சம் நெகிழ்ச்சி உண்டு.

போனில் பேசினால் நிமிடத்துக்கு இவ்வளவு என்று கணக்கு ஓடும். அதனால் அம்மாவுக்குக் கடிதம்தான். என் கையெழுத்து அப்பாவுக்கே புரியாது. பல்கலைக்கழக நூலகத்தின் கணினிப் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கே நாங்கள் பயன்படுத்தியது திறந்த மூல மென்பொருள். அதாவது, அதை எழுதியவர்கள் அதன் நிரலை, உள்ளிருக்கும் கட்டளை வரிகளை, எல்லோரும் பார்க்கும்படி வெளியே வைத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திரும்பக் கொடுக்கலாம். காசு கேட்கமாட்டார்கள். ஆனால் அதில் தமிழ் அச்சடிக்க வழியில்லை. மூன்று மாதம் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து நானே ஒன்றை எழுதினேன். ஆங்கில எழுத்துகளில் தட்டினால் தமிழில் அச்சாகும். அதற்குப் பலகை என்று பெயர் வைத்தேன். மற்றவர்கள் செய்வதைப் போலவே நானும் அதை இணையத்தில் வெளியே வைத்தேன். பெருந்தன்மை எல்லாம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய கிண்ணத்தைக் காலியாகத் திருப்பித் தர முடியாது, அவ்வளவுதான்.

அம்மாவின் பதில் வந்தது: "எழுத்து நல்லா இருக்குது. ஆனா மனுஷி எழுதன மாதிரி இல்ல."

3

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக. உங்கள் பலகையில் ஒரு தவறு இருக்கிறது, திருத்தி அனுப்பியிருக்கிறேன், பிழையிருந்தால் மன்னிக்கவும். தவறு என்னவென்றால், கோவிந்தன் என்ற பெயர் வரியின் கடைசியில் வந்தால் கொம்பு மட்டும் அந்த வரியில் நின்றுவிடும். ககரமும் காலும் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் நானும் இதைப் பார்த்திருந்தேன். சோம்பேறித்தனத்தில் விட்டுவிட்டேன். வந்திருந்த திருத்தம் பதினான்கு வரி. அழகாக இருந்தது.

கீழே பெயர்: ஏழுமலை, செங்கம் ரோடு, திருவண்ணாமலை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். பக்கத்து மேசையில் ஹைகோ இருந்தான். என் கூட வேலை செய்பவன், ஆறடிக்கு மேல் உயரம், வாரத்தில் ஐந்து நாளும் ஒரே சாம்பல் நிற ஸ்வெட்டர். திறந்த மூலம் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனும் அவன்தான். "என் ஊர்! இவன் என் ஊர்!" என்று கத்தினேன். ஜெர்மனில் கத்தினேனா தமிழில் கத்தினேனா என்று எனக்கே தெரியாது. ஹைகோ எழுந்து வந்து கைகொடுத்தான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. மகிழ்ச்சியாக இருக்கிறாளே என்று கொடுத்திருப்பான்.

பதிலைத் தமிழில் எழுதினேன். நான் வேங்கிக்கால் பொண்ணு, அப்பா கலெக்டர் ஆபீஸில் இருந்தார் என்று. அதுவரை மேடமாக இருந்த நான் அடுத்த அஞ்சலிலேயே அக்கா ஆனேன்.

ஏழுமலை ஆசிரமத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். வெளிநாட்டுக்காரர்கள் வந்து வீட்டுக்கு மெயில் அனுப்புவார்கள். கூடவே அழைப்பிதழ், ரசீது, நோட்டீஸ் எல்லாம் தட்டச்சு செய்து கொடுப்பான். முன்பு ஒரு தமிழ் மென்பொருளை விலைக்கு வாங்கியிருந்தான். அதனோடு ஒரு சின்னப் பூட்டும் தருவார்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். ஒரு நாள் இடி இடித்து அந்தப் பூட்டு எரிந்துவிட்டது. விற்ற கம்பெனியைத் தேடிச் சென்னைக்குப் போனால் அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருந்தது. மூன்று வருடம் தட்டச்சு செய்த அத்தனையும் அவன் கம்ப்யூட்டரிலேயே இருந்தும் அவனால் திறக்க முடியவில்லை. அப்போதுதான் அங்கே வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் திறந்த மூல மென்பொருள் குறுந்தகடு ஒன்றை விட்டுப் போனார். அதில் பலகையும் இருந்தது.

"உங்க வூட்டுக்கு அஞ்சாறு கிலோமீட்டர்ல ஒக்காந்துகினு, ஜெர்மனி சுத்தி உங்களைக் கண்டுபுடிச்சேன்க்கா" என்று முதல் தடவை போனில் பேசும்போது சொன்னான்.

அதற்குப் பிறகு பலகை வளர்ந்தது. கோலாலம்பூரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை தமிழ் எண்கள் சேர்த்தார். டொரொண்டோவிலிருந்து ஒருவர் அகரவரிசையைச் சரிசெய்தார். நாங்கள் மொத்தம் பதினோரு பேர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் அவ்வளவு சண்டையும் அவ்வளவு சந்தோஷமும் ஒன்றாக இருந்த குழுவை நான் பார்த்ததில்லை. றகரத்தின் வளைவு பற்றி மட்டும் நாற்பது அஞ்சல்கள்.

4

புத்தாயிரம் பிறந்த சமயத்தில் இந்த நாட்டுக்குப் பங்குச் சந்தைக் காய்ச்சல் வந்தது. அடுமனையில் ரொட்டி விற்கும் அம்மா எந்தப் பங்கு ஏறும் என்று எனக்குச் சொன்னார். நிலாவின் பாலர் பள்ளி ஆசிரியை பங்கு வைத்திருந்தார். திறந்த மூல மென்பொருளைப் பெட்டியில் போட்டு, கையேடு சேர்த்து விற்கும் ஒரு கம்பெனி எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஐந்தாறு பேரோடு ஆரம்பித்தது, திடீரென்று இருநூறு பேரானது. ஹைகோ நூலகத்தை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தான். ஸ்வெட்டர் மட்டும் மாறவில்லை.

அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கு வரப்போவதாக அறிவித்தது. இத்தனை வருடம் சும்மா உழைத்துக் கொடுத்தவர்களை மறக்கமாட்டோம், ஆளுக்குக் கொஞ்சம் பங்கு ஆரம்ப விலைக்கே தருகிறோம் என்றார்கள். பொதுவான அச்சுப் பகுதியில் நான் செய்திருந்த சில திருத்தங்களுக்காக எனக்கு நாற்பது பங்கு ஒதுக்கினார்கள். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு மட்டும். ஏழுமலைக்கு இல்லை.

அதே வாரம் எனக்கு விசா நீட்டிக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசை எண் எடுத்து மூன்று மணி நேரம் உட்கார்ந்து, என் முறை வந்ததும், என் கோப்பு உங்களிடம் இருக்கிறது, எனக்கு அது முக்கியம் என்று சொல்ல நினைத்தேன். கோப்புக்கு ஜெர்மனில் ஆக்டெ. பங்குக்கு ஆக்ட்ஸியெ. வாரம் முழுக்க வீட்டில் பங்குப் பேச்சு. என் வாயில் வந்தது, "என் பங்குகள் உங்களிடம் இருக்கின்றன, எனக்கு அவை வேண்டும்."

கவுண்டரில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "திருமதி, இங்கே எல்லோருக்கும் சம்பளம்தான். யாரும் எங்களுக்கே பங்கு தரவில்லை" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அடுத்த மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். நான்கு வருடத்தில் அந்த அலுவலகத்தில் நான் சிரிப்பைக் கேட்டது அன்றுதான். பத்தே நிமிடத்தில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள்.

வங்கியில் அவ்வளவு சுலபமில்லை. பங்கு வாங்க ஒரு படிவம். இதற்கு முன் எத்தனை ஆண்டு பங்கு வாங்கிய அனுபவம் என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். அனுபவம் இல்லாதவர்களுக்கு இந்த வகைப் பங்கு விற்க முடியாது என்றார் அங்கிருந்த இளைஞர். முதல் பங்கு வாங்காமல் எப்படி அனுபவம் வரும் என்று கேட்டேன். அவர் யோசித்தார். வேறு ஏதாவது பணத்தை ஆபத்தில் போட்ட அனுபவம் உண்டா என்றார். வேங்கிக்காலில் அம்மாவோடு ஏலச்சீட்டு போட்டதை நல்ல ஜெர்மனில் விளக்கினேன். ஒருவர் ஏலம் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் ஆர்வமாகக் கேட்டார். ஒரு தடவை ஓடினார், செய்யாறில் போய்ப் பிடித்தோம் என்றேன். "மிகுந்த அனுபவம்" என்ற கட்டத்தில் டிக் செய்தார்.

5

நாற்பது பங்கோடு விஷயம் முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து ஹைகோ ஒரு ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்தான். கம்பெனி இந்தியாவுக்கென்று தனிப் பதிப்பு கொண்டுவரப் போகிறது. விலைக்கு, நிரலை மூடிவைத்து. அதற்குப் பலகை வேண்டும். ஏற்கெனவே வெளியே இருக்கும் பதிப்பு அப்படியே இருக்கும், ஆனால் இனிமேல் எழுதுவதெல்லாம் கம்பெனிக்கு. நான் வெளிப்பதிப்பைத் தொடக்கூடாது. பதிலுக்கு இன்னும் முந்நூறு பங்கு, அதோடு நல்ல சம்பளத்தில் வேலை.

"நீயே இதைக் கொண்டுவருகிறாயே" என்றேன்.

"எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இருநூறு பேருக்குச் சம்பளம் தரவேண்டும் என்கிறார்கள். முதலீட்டாளர்கள் கேட்பது ஒரே கேள்வி: எல்லாவற்றையும் சும்மா கொடுத்துவிட்டால் உங்களிடம் விற்க என்ன இருக்கிறது?" என்றான். ஹைகோ பொய் சொல்லத் தெரியாதவன். இரண்டு தட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு வருத்தமாகப் போனான்.

தரணி அன்று இரவே நாடாவை எடுத்துச் சமையலறையை அளந்தார். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஒரு அறை வீட்டில் நான்கு வருடம். நிலா பெட்டிகளுக்கு நடுவில் வளர்ந்துகொண்டிருந்தாள். எனக்கும் ஆசை இருந்தது. என் பெயர் போட்ட ஒரு மேசை, ஒரு ஜன்னல்.

ஆனால் பலகையில் மற்ற பத்துப் பேரின் எழுத்தும் இருந்தது. எல்லோருக்கும் எழுதினேன். நான்கு பேர் சரி என்றார்கள், மூன்று பேர் முடியாது என்றார்கள். இரண்டு பேரிடமிருந்து பதிலே இல்லை. ஏழுமலையைப் போனில் பிடித்தேன்.

"உனக்கும் ஒரு தொகை தருவாங்க ஏழுமலை. நல்ல தொகை."

"எவ்ளோ?"

சொன்னேன். 

"ஜாஸ்திதான்க்கா. சென்டருக்கு ஏசியே போட்டுடலாம். ஆனா வாணாம்."

"ஏன்?"

"பூட்டு எரிஞ்ச கதைதான் உங்களுக்குத் தெரியுமே."

"இது அந்த மாதிரி கம்பெனி இல்ல. பெரிய கம்பெனி."

"அதுவும் அன்னைக்குப் பெரிய கம்பெனிதான்க்கா. ஏசி ரூம்ல ஒக்கார வெச்சி காபி குடுத்தாங்க."

எனக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன, நீ ஊர்ல சொந்த வூட்ல இருக்கற. இங்க வந்து பாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படிப்பட்ட வார்த்தை என்று உறைத்தது. அவன் கோபப்படவில்லை.

"நீங்க கையெழுத்து போடுங்கக்கா. உங்களுது உங்க இஷ்டம். நான் தப்பா நெனைக்கமாட்டேன். என்னுது மட்டும் எடுத்துட்டு அந்த எடத்த அவுங்களே எழுதிக்கட்டும்" என்றான்.

அது இன்னும் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒப்பந்தம் மூன்று நாள் மேசைமேல் கிடந்தது. அதன்மேல் நிலா ஒரு யானை வரைந்தாள்.

நான்காம் நாள் நூலகத்துக்கு எனக்கு ஒரு ஃபேக்ஸ் வந்தது. ஏழுமலை அனுப்பியது. திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு லட்சக்கணக்கில் மலை சுற்ற வருவார்களே, அதில் ஒவ்வொரு முறையும் யாராவது கூட்டத்தில் பிரிந்துவிடுவார்கள். அடி அண்ணாமலையில் சில கடைக்காரர்கள் சேர்ந்து ஓர் உதவி மையம் நடத்தினார்கள். பிரிந்தவர்களின் பெயரை அரைமணிக்கு ஒருமுறை அச்சடித்து, சைக்கிளில் மற்ற மையங்களுக்கும் அனுப்பி, ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அச்சடிப்பது ஏழுமலையின் பழைய கம்ப்யூட்டரில், பலகையில். வந்திருந்த ஃபேக்ஸ் அப்படி ஒரு பட்டியல். போளூர் கன்னியம்மாள், வயது எழுபது, பச்சைப் புடவை. வந்தவாசி தேவராஜ், காது கேட்காது. கீழ்பென்னாத்தூர் செல்வி, கையில் ரோஜா நிற பொம்மை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக். டிக் என்றால் ஆள் கிடைத்தாயிற்று. பக்கம் முழுக்க டிக்.

எனக்கு ஏதோ சொல்லத்தான் அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு கீழே அவன் எழுதியிருந்ததைப் படித்தேன்.

"அக்கா, பதினேழாவது பேரைப் பாருங்க. ஸ்ரீராமுலு. ஸ்ரீ வரவேண்டிய எடத்துல கட்டம் கட்டமா வருது. மைக்ல படிக்கறவரு கட்டம் ராமுலுன்னு படிச்சிட்டாரு. சித்தூர்க்காரரு, ரொம்ப கோச்சிக்கினாரு. அடுத்த பௌர்ணமிக்குள்ள சரி பண்ணமுடியுமா?"

அவ்வளவுதான். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ஸ்ரீயைச் சரிசெய்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. முடித்து, சோதித்து, வெளியே வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் புரிந்தது. கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த இரண்டு மணி நேர வேலையைச் செய்ய எனக்கு அனுமதி இருந்திருக்காது. ஸ்ரீராமுலு கட்டம் ராமுலுவாகவே இருந்திருப்பார்.

வீட்டுக்கு வந்து தரணியிடம் சொன்னேன். அவர் ஒப்பந்தத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "யானை வரைஞ்ச பேப்பர்ல எப்படியும் கையெழுத்து போட முடியாது" என்றார். அந்த மனிதரை நான் ஏன் கட்டிக்கொண்டேன் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

6

பலகை இல்லாமலே கம்பெனி சந்தைக்கு வந்தது. முதல் நாளே விலை மூன்று மடங்கு ஏறியது. இந்தியப் பதிப்பை அவர்களே ஆள் போட்டு எழுதிக்கொண்டார்கள். ஏழுமலைக்கு இது கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஆகிவிட்டது. தினமும் ஒரு வரி அஞ்சல்: "இன்னைக்கி இன்னா ரேட்டுக்கா?" ஏறினால் கைதட்டுவான். "வித்துடாதீங்க, செஞ்சுரி போட்டும்" என்பான். தரணி ஒரு கட்டத்தில் அலமாரிக் கதவுக்கு இளம்பச்சை என்று முடிவு செய்தார்.

விற்றிருக்கலாம். விற்பதற்கும் ஒரு படிவம் இருந்தது, அது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லி நிரப்பாமல் வைத்திருந்தேன். உண்மை என்னவென்றால், என் பெயரில் ஒரு ஜெர்மன் கம்பெனியில் நாற்பது துண்டு இருப்பது எனக்குப் பெருமையாக இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்த பெண்ணுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கக்கூடாதா?

பிறகு இறங்கியது. ஏறியதைவிட வேகமாக. ரொட்டிக்கடை அம்மா பங்கைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினார். இரண்டு வருடத்தில் கம்பெனி திவாலாகி, ஹைகோவுக்கு வேலை போனது. அவர்கள் மூடி எழுதிய இந்தியப் பதிப்பை நீதிமன்றம் நியமித்த ஒரு வக்கீல் பூட்டி வைத்தார். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் திருத்தம் தர ஆளில்லை. யாரும் தொடக்கூடாது.

ஹைகோ அந்தச் சாம்பல் ஸ்வெட்டரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். ஆறுதல் சொல்ல நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது அவன் உற்சாகமாக ஒரு தாளை விரித்தான். அவனும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து சின்னதாக ஒரு அலுவலகம் திறக்கப் போகிறார்கள். மூடி வைத்த பாகம் போகட்டும், திறந்த பாகம் முழுவதும் வெளியே இருக்கிறதே, யாரும் அதைப் பூட்ட முடியாதே. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அதைப் பொருத்திக் கொடுத்து, பராமரித்து, அந்த உழைப்புக்குக் கூலி வாங்கப் போகிறார்கள். திருத்துவதையெல்லாம் திரும்பக் கொடுப்பார்கள்.

"பங்குச் சந்தை?" என்று கேட்டேன்.

"நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு ஒரு பங்கு. சந்தை சமையலறை மேசையில்" என்றான்.

இன்றைக்கு அங்கே ஏழு பேர் வேலை செய்கிறார்கள். நல்ல சம்பளம். அவர்களில் ஒருவர் வாரம் ஒரு நாள் பலகையைக் கவனிக்கிறார். வணிகம் என்றாலே கெட்டது என்று ஏழுமலையும் நானும் பேசிய நாட்கள் உண்டு. இப்போது அப்படிப் பேசுவதில்லை.

7

கடந்த டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். நிலா வர விரும்பவில்லை. அவளுடைய தோழிகள் பனிச்சறுக்குப் போகிறார்கள். அங்கே எனக்கு யாரோடும் பேசத் தெரியாது என்றாள். அது எனக்கு வலித்தது, ஏனென்றால் உண்மை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்துகொண்டாள். பேச்சுதான் வரவில்லை. வேங்கிக்கால் வீட்டில் அம்மா ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு என் பின்னால் நிற்பாள்.

மார்கழிப் பௌர்ணமி. திதி முந்தின நாளே தொடங்கிவிட்டதால் காலை ஏழு மணிக்கும் சாலை நிறையக் கூட்டம். ஏழுமலை அடி அண்ணாமலை மையத்துக்கு எங்களைக் கூட்டிப்போனான். இத்தனை வருடத்தில் அவனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிடச் சத்தம். தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு மைக், தூசிக்குத் துண்டு போர்த்திய கம்ப்யூட்டர். பிரிண்டர் கிர்ரென்று இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீ சரியாக வருகிறதா என்று முதல் வேலையாகப் பார்த்தேன். வந்தது.

அப்போது ஒரு வெள்ளைக்கார அம்மா ஓடிவந்தார். அறுபது வயதிருக்கும். வெறும் கால், தோளில் துணிப்பை, கண் கலங்கியிருந்தது. ஏழுமலை ஆங்கிலத்தில் கேட்டான், அவருக்குப் பதில் வரவில்லை. பதற்றத்தில் ஆங்கிலம் மறந்து தாய்மொழியில் பேசினார். ஜெர்மன்.

நான் வாயைத் திறப்பதற்குள் நிலா முன்னால் போய்விட்டாள். கடகடவென்று பேசினாள். அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் பெயர் மான்ஃபிரெட், நீலத் தொப்பி, சர்க்கரை நோய், மாத்திரை இவர் பையில் இருக்கிறது, ஒரு மணி நேரமாகக் காணவில்லை என்று நான் ஏழுமலைக்குத் தமிழில் சொன்னேன்.

"பேர அடிச்சிட்டேன்" என்றான் ஏழுமலை. "ஆனா தமிழ்ல கூப்டா அவருக்கு எப்டிக்கா புரியும்? பாப்பா, நீ பேசு." மைக்கை அவளிடம் நீட்டினான்.

நிலா என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அடி அண்ணாமலைச் சாலையில் ஒலிபெருக்கியில் ஜெர்மன் கேட்டது. மான்ஃபிரெட் அவர்களே, உங்கள் மனைவி தகரக் கொட்டகையில் காத்திருக்கிறார், மாத்திரை அவரிடம் இருக்கிறது, தயவுசெய்து உடனே வாருங்கள். நடந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்று கம்பத்தைப் பார்த்தது. ஒரு பெரியவர் ஏதோ புது மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் தடவை சொல்லி முடிப்பதற்குள் நீலத் தொப்பி வந்தது. இருநூறு அடி தள்ளிக் கரும்புச்சாறு வண்டியின் நிழலில் உட்கார்ந்திருந்தாராம். தான் தொலைந்து போகவில்லை, மனைவிதான் தொலைந்துபோனார் என்று நிலாவிடம் முறையிட்டார். மனைவி அழுதார், திட்டினார், மாத்திரையைக் கொடுத்தார். ஏழுமலை பட்டியலை எடுத்து மான்ஃபிரெட்டுக்கு நேரே ஒரு டிக் போட்டான்.

"அடுத்த பேரு மணலூர்பேட்டை. அம்மாவத் தேடிகினு வந்த பையன் தோ நிக்கறாரு. மைக் அண்ணன் டீக்குப் போயிருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தாளை மேசையில் வைத்தான். யாரிடமும் கேட்கவில்லை.

நிலா தாளைப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ம...ணலூர்பேட்டை... குப்பம்மாள். வயது அறுபத்... அறுபத்திரண்டு. மஞ்சள்... புடவை. உங்க பையன்... இங்க இருக்காரு. வாங்க." கடைசி ஐந்து வார்த்தை தாளில் இல்லை. அவளாகச் சேர்த்தது.

 ஏழுமலை சும்மா பிரிண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஐந்து நிமிடத்தில் மஞ்சள் புடவை வந்தது. "யாரு கண்ணு கூப்ட்டது? எம்பேரு இவ்ளோ நீளமா இதுவரைக்கும் யாரும் கூப்ட்டதில்ல" என்று கொட்டகைக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நிலா கையைத் தூக்கினாள். குப்பம்மாள் மடியிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்து மேசையில் வைத்துவிட்டு மகனோடு கூட்டத்தில் கலந்தார்.

பேனாவை எடுத்து நிலாவே டிக் போட்டாள். மைக் அண்ணன் டீ குடித்துவிட்டு வந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அவளைத் தோளில் தட்டி, சாப்பிடப் போகலாம், பாட்டி இட்லி வைத்துக் காத்திருப்பாள் என்றேன்.

"நீங்க போங்க. இன்னும் ஒம்போது பேரு இருக்காங்க" என்றாள். தமிழில்.